பதில் தாமதிக்கும்போது விடாமல் ஜெபிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜெபிக்க ஆரம்பிப்பது பலருக்கும் அவ்வளவு கஷ்டமாக இருப்பதில்லை. ஒரு நெருக்கடி வந்தால் முழங்கால் தானாக மடங்கிவிடும். சிக்கல் அதற்கு அப்புறம்தான் வருகிறது. ஒரு மாதம், ஆறு மாதம் ஆகியும் நிலைமை அப்படியே இருக்கும்போது, "கேட்டது போதாதா? திரும்பத் திரும்பக் கேட்டால் அது அவிசுவாசமா?" என்று மனம் குடைய ஆரம்பிக்கும். சபையில் யாரிடமாவது கேட்டால், "விசுவாசத்தோடே காத்திருங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். காத்திருக்கிற அந்த நாட்களில் காலையில் எழுந்து என்ன செய்வது என்று சொல்ல ஆள் இருக்காது. இந்தக் கட்டுரை அதைப் பற்றி மட்டுமே.

தொடங்குமுன் லூக்கா 18-ஆம் அதிகாரத்தின் முதல் 8 வசனங்களை ஒரு முறை நிதானமாக வாசித்துவிடுங்கள். ஒரு விதவை, ஒரு நியாயாதிபதி. அவனுக்குத் தேவபயமும் கிடையாது, மனுஷரை மதிக்கிற குணமும் கிடையாது. அவளுக்கோ பரிந்து பேச ஆளில்லை, கையில் கொடுக்க ஏதும் இருந்ததாகவும் தெரியவில்லை. அவளால் முடிந்தது மறுபடியும் வந்து நிற்பது மட்டும்தான். கடைசியில் அவள் தொல்லை தாங்காமல் அவன் நியாயம் செய்கிறான்.

இதை வாசிக்கிற பலர், தேவனையும் அப்படி நச்சரித்து வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உவமை போகிற திசையே வேறு. இப்படிப்பட்ட ஒருவனே இறங்கி வந்தான் என்றால், தம்மை இரவும் பகலும் கூப்பிடுகிறவர்களுக்குத் தேவன் நியாயம் செய்யாமல் இருப்பாரா என்றுதான் இயேசு கேட்கிறார். லூக்கா 11-ல் நடுராத்திரியில் 3 அப்பம் கேட்டு நண்பன் வீட்டுக் கதவைத் தட்டுகிறவனின் கதையிலும் இதே வாதம்தான்.

உவமையின் கடைசி வரியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். மனுஷகுமாரன் வரும்போது பூமியில் விசுவாசத்தைக் காண்பாரோ என்று இயேசு முடிக்கிறார். சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதைப் பற்றித் தொடங்கிய பேச்சு விசுவாசத்தில் வந்து நிற்கிறது. அந்த விதவைக்கு ஜெயிப்போம் என்ற பூரண நிச்சயம் இருந்ததா? அதைப் பற்றி உவமையில் ஒரு வார்த்தைகூட இல்லை. திரும்பத் திரும்ப வந்தாள் என்று மட்டும் இருக்கிறது. ஆகவே புதிதாகத் தொடங்குகிற நீங்கள், உள்ளே விசுவாசம் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று அளந்துகொண்டிருக்க வேண்டாம். நாளைக்குத் திரும்பி வருகிறோமா என்று பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் அப்படித் திரும்பி வருவதைச் சுலபமாக்குவதற்குத்தான்.

1. ஒரே ஒரு விண்ணப்பம், எழுத்தில்

பத்துக் காரியங்களுக்கு ஒரே சமயத்தில் நீண்டநாள் பாரத்தோடு ஜெபிக்கப் புதியவர்களால் முடியாது. ஒன்றை எடுங்கள். மற்றவற்றையும் சொல்லலாம், தடையில்லை. ஆனால் தினமும் தவறாமல் கொண்டுபோகிற விண்ணப்பம் ஒன்றாக இருக்கட்டும்.

அதைத் தெளிவாக எழுதுங்கள். எரிகோவில் வழியோரம் உட்கார்ந்திருந்த பர்திமேயுவுக்குக் கண் தெரியாது என்பது பார்த்தவர் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் இயேசு அவனிடம், உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார் (மாற்கு 10:51). அவன் சுற்றி வளைக்காமல், பார்வையடைய வேண்டும் என்றான். "என் குடும்பத்தை ஆசீர்வதியும்" என்று எழுதினால், பதில் வந்தாலும் வந்தது என்று உங்களுக்கே தெரியாது. நோட்டில் இப்படி இருக்கலாம்:

"தொடங்கிய தேதி. விண்ணப்பம்: தம்பியும் நானும் மறுபடியும் பேச வேண்டும். ஏன் கேட்கிறேன்: அம்மா இருக்கும்போதே சமாதானம் ஆக வேண்டும் என்று ஆசை. அவன் மன்னிப்புக் கேட்பதைப் பார்க்கவேண்டும் என்ற எண்ணமும் கொஞ்சம் இருக்கிறது."

அந்தக் கடைசி வரியை எழுதத் தயங்காதீர்கள். தகாதவிதமாய்க் கேட்பதைப் பற்றி யாக்கோபு 4:3 எச்சரிக்கிறது. நோக்கம் முழுக்கச் சுத்தமானபின் ஜெபிக்கலாம் என்று காத்திருந்தால் யாருமே ஜெபிக்க முடியாது. கலப்படம் இருப்பதை ஒத்துக்கொண்டே கேட்கலாம்.

இன்னொன்றையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். நீங்கள் கேட்பது வேதத்தில் வெளிப்படையாக வாக்களிக்கப்பட்டதா, இல்லையா? ஞானம் கேட்டால் கொடுக்கப்படும் என்று யாக்கோபு 1:5 சொல்கிறது. பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிப்பு உண்டு என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. இவற்றைத் தயக்கமே இல்லாமல் கேட்கலாம். இந்தக் குறிப்பிட்ட வேலை, இந்தக் குறிப்பிட்ட வரன், இந்த மாதத்துக்குள் சுகம் என்பவை அப்படிப்பட்டவை அல்ல. அவற்றைக் கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. "உமக்குச் சித்தமானால்" என்பதைச் சேர்த்துக் கேளுங்கள். அது அவிசுவாசத்தின் அடையாளம் என்று சிலர் போதிப்பார்கள். கெத்செமனேயில் இயேசுவே அப்படித்தான் கேட்டார் என்பதால் அந்தப் போதனையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

2. நேரமும் இடமும்

தானியேல் நாளுக்கு 3 முறை, பலகணிகள் எருசலேமுக்கு நேராகத் திறந்திருக்கிற அதே அறையில் ஜெபித்தான். ஜெபத்துக்குத் தடைச்சட்டம் போட்ட பிறகு அவன் புதிதாக வீரம் காட்டவில்லை. "முன் செய்துவந்தபடியே" செய்தான் என்கிறது தானியேல் 6:10. பழக்கம் ஏற்கெனவே இருந்ததால்தான் ஆபத்திலும் அது நின்றது. ஆதித் திருச்சபையின் போதனைத் தொகுப்பான திடாகேயும் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை நாளுக்கு 3 முறை சொல்லும்படி விசுவாசிகளுக்குச் சொல்கிறது.

நீங்கள் ஒரு முறையில் தொடங்குங்கள். 10 நிமிடம் போதும். ஒரு மணி நேரம் என்று முடிவு செய்கிறவர்களில் பலர் முதல் வாரத்தோடு நின்றுவிடுகிறார்கள். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். பைபிள் ஆப்பில்தான் வாசிப்பேன் என்பவர்கள்கூட இந்த 10 நிமிடத்துக்கு அச்சிட்ட வேதாகமம் ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது.

அந்த 10 நிமிடத்தை இப்படிப் போகவிடலாம். முதலில் ஒரு சங்கீதம், மெதுவாக, வாய்விட்டு. அப்புறம் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். அன்றைக்கு நன்றி சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். எதுவும் தோன்றாவிட்டால் தேடிப்பிடிக்க வேண்டாம். பிறகு உங்கள் விண்ணப்பம். கடைசியில் பரமண்டல ஜெபம். அதை மனப்பாடமாக ஓட்டிவிடாமல், "உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக" என்ற இடத்தில் ஒரு கணம் நின்று, உங்கள் விண்ணப்பத்தை அந்த வரிக்குள் வைத்துவிட்டு மேலே போங்கள். நாளடைவில் பெரிய மாற்றம் இந்த ஒரு இடத்தில்தான் நடக்கும்.

நினைவு அலைபாயும், எல்லாருக்கும் அலையும். ஆபீஸ் பிரச்சினை ஞாபகம் வந்தால் அதையே இரண்டு வாக்கியத்தில் ஆண்டவரிடம் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். அப்புறம், ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாள் இரண்டு மடங்கு ஜெபித்துக் கணக்கு நேர் செய்ய வேண்டாம். மறுநாள் அதே 10 நிமிடம், அவ்வளவுதான்.

உபவாசம்? புதியவர்களுக்கு அவசரமில்லை. செய்ய விரும்பினால் ஒரு வேளை உணவோடு தொடங்குங்கள். சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் செய்யவே கூடாது.

3. சொன்னதையே சொல்லலாமா?

இது பலருக்கும் உள்ள சந்தேகம். மத்தேயு 6:7-ல் வீண்வார்த்தைகளை அலப்ப வேண்டாம் என்று இயேசு சொல்கிறார். அதே மத்தேயு 26:44-ல் அவர் மூன்றாம் தரமும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபிக்கிறார். முரண்பாடு இல்லை. அதிகம் பேசினால் தேவன் கேட்டே ஆக வேண்டும் என்ற கணக்கைத்தான் முதல் வசனம் கண்டிக்கிறது. மனம் உடைந்தவனுக்கு வேறு வார்த்தை வராததால் அதே வார்த்தை வருவது தனி விஷயம். வேறு வார்த்தை வராத நாட்களில் நேற்றைய ஜெபத்தையே இன்றைக்கும் சொல்லுங்கள்.

வார்த்தையே வராத நாட்களும் உண்டு. நீண்டகால நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அப்போது குட்டி ஜெபங்கள் கைகொடுக்கும். கி.பி. 412-ஆம் ஆண்டுவாக்கில் வட ஆப்பிரிக்காவின் ஆயரான அகஸ்டின், புரோபா என்ற ரோமாபுரி விதவைக்கு ஜெபத்தைப் பற்றி எழுதிய நீண்ட கடிதத்தில் எகிப்தின் துறவிகளைக் குறிப்பிடுகிறார். அவர்கள் அடிக்கடி ஜெபிப்பார்களாம். ஆனால் ஒவ்வொன்றும் எறிந்துவிட்டதுபோல மிகச் சுருக்கமாக இருக்குமாம். நீண்டுபோனால் கவனம் மழுங்கிவிடும் என்பது காரணம். "இயேசுவே, தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்" என்று பர்திமேயு கத்தியதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை வராந்தாவில் நடக்கும்போதும் மாடிப்படி ஏறும்போதும் சொல்ல அது போதும்.

கோபம் வந்தால்? சொல்லிவிடுங்கள். 13-ஆம் சங்கீதத்தின் முதல் 2 வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி 4 முறை வருகிறது. அந்தச் சங்கீதம் நம்பிக்கையில் முடிகிறது. 88-ஆம் சங்கீதம் அப்படிக்கூட முடிவதில்லை, இருளிலேயே நின்றுவிடுகிறது. அதையும் சபை ஜெபப்புத்தகத்திலிருந்து யாரும் கிழித்து எறியவில்லை. ஆண்டவரிடம் முறையிடுகிறவன் இன்னும் அவரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறான். நம்மில் பலர் மரியாதைக்காகக் கோபத்தை விழுங்கிக்கொள்கிறோம். கொஞ்ச நாளில் பேச்சே நின்றுபோகிறது.

4. "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்பவர்கள்

வருவார்கள், நல்லெண்ணத்தோடும் வருவார்கள். அதனால் இதற்கு முன்கூட்டியே தயாராக இருங்கள்.

அப்போஸ்தலர் 12-ஐ எடுத்து வாசியுங்கள். பேதுரு சிறையில் இருக்கிறார். சபை ஊக்கமாக ஜெபிக்கிறது. தூதன் வந்து விடுவிக்க, பேதுரு நேராக மாற்கு எனப்பட்ட யோவானின் தாயாகிய மரியாளின் வீட்டுக்கு வந்து வாசற்கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற வேலைக்காரப் பெண் அவர் சத்தத்தை அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்கவே மறந்து உள்ளே ஓடுகிறாள். எதற்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்களோ அதே காரியம் வாசலில் நிற்கிறது என்று சொன்னால், உள்ளே இருந்தவர்கள் "நீ பிதற்றுகிறாய்" என்கிறார்கள். அவள் அடித்துச் சொன்னதும், அது அவருடைய தூதனாயிருக்கும் என்று சமாளிக்கிறார்கள். பேதுரு பாவம், வெளியே தட்டிக்கொண்டே நிற்கிறார். இவ்வளவு விசுவாசத்தோடு செய்யப்பட்ட ஜெபத்துக்குத்தான் இரும்புக்கதவு தானாகத் திறந்தது!

பிசாசு பிடித்த மகனோடு வந்த தகப்பனும், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான் (மாற்கு 9:24). மகன் சுகமானான். சந்தேகம் வருகிற நாளில் இந்த வாக்கியத்தையே உங்கள் ஜெபமாக வைத்துக்கொள்ளுங்கள்.

காணிக்கை அனுப்பினால் அற்புதம் நடக்கும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள். அவசரத்தில் பொருத்தனையும் பண்ண வேண்டாம். நேர்ந்துகொண்டு செய்யாமல் போவதைவிட நேர்ந்துகொள்ளாமல் இருப்பதே நலம் என்று பிரசங்கி 5:5 தெளிவாகச் சொல்கிறது.

5. கைகளுக்கும் வேலை கொடுங்கள்

பெர்சிய ராஜாவிடம் வேலை பார்த்த நெகேமியா, எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடப்பதைக் கேள்விப்பட்டது கிஸ்லேயு மாதத்தில். ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதத்தில். இடையில் ஏறக்குறைய 4 மாதம் உபவாசமும் ஜெபமும். ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன" என்றதும், பதில் சொல்வதற்கு முன் மனதுக்குள் ஒரு நொடி ஜெபம். அதற்கு அப்புறம் அவர் கேட்பதைக் கவனியுங்கள்: இத்தனை நாள் விடுப்பு, வழியில் உள்ள அதிபதிகளுக்குக் கடிதங்கள், மரம் கொடுக்கும்படி வனத்துக் காவலாளனாகிய ஆசாபுக்கு ஒரு கடிதம். 4 மாதமும் அழுததோடு நிற்காமல், திட்டமும் போட்டிருக்கிறார். எதிரிகள் திரண்டபோதும் ஜெபம்பண்ணினோம், காவலும் வைத்தோம் என்று ஒரே வசனத்தில் எழுதுகிறார் (நெகேமியா 4:9).

வேலைக்காக ஜெபித்தால் விண்ணப்பம் அனுப்புங்கள். சுகத்துக்காக ஜெபித்தால் மாத்திரையைத் தவறாமல் போடுங்கள். மருந்தை நிறுத்துவதுதான் விசுவாசம் என்று சொல்கிறவர் எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் நம்பாதீர்கள். வீட்டில் அடி உதை இருக்கிறது, கணவர் திருந்த வேண்டும் என்று ஜெபிக்கிறீர்கள் என்றால், முதலில் நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். அங்கிருந்தும் அவருக்காக ஜெபிக்கலாம்.

6. கூட ஒருவர்

அமலேக்கியரோடு நடந்த யுத்தத்தில் மோசேயின் கைகள் அசந்துபோயின. ஆரோனும் ஊர் என்பவரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் கைகளைத் தாங்கிக்கொண்டார்கள் (யாத்திராகமம் 17:12). மோசேக்கே ஆள் தேவைப்பட்டது.

உங்களுக்கு ஒருவர் அல்லது இருவர் போதும். அறிவுரை குறைவாகவும் ஜெபம் அதிகமாகவும் உள்ளவராகப் பாருங்கள். வாரம் ஒரு முறை போனில் 5 நிமிடம் சேர்ந்து ஜெபித்தால்கூட நல்லது. பெரிய வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் போடுவதற்கு முன் மட்டும் யோசியுங்கள். மகனின் குடிப்பழக்கமோ மகளின் மணமுறிவோ ஜெபக்குறிப்பு என்ற பெயரில் முன்பின் தெரியாதவர்கள் கைக்கெல்லாம் போய்விடும். பிறர் சம்பந்தப்பட்ட காரியமாக இருந்தால், "என் வீட்டில் ஒரு காரியம், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆண்டவருக்கு விவரம் தெரியும்.

7. மாதம் ஒரு முறை நோட்டைத் திறந்து பாருங்கள்

எழுதிய விண்ணப்பத்தை மாதம் ஒரு முறை மறுபடியும் வாசியுங்கள். இன்றைக்கும் இதைத்தான் கேட்கிறேனா? பல சமயம் வாசகம் மாறியிருக்கும். "தம்பி பேச வேண்டும்" என்று தொடங்கியது, "நான் முதலில் பேசத் தைரியம் தாரும்" என்று ஆகியிருக்கும். பழையதை அடிக்காமல் கீழே புதியதை எழுதுங்கள், தேதியோடு.

பதில் கேட்ட வடிவத்தில் வராமலும் போகலாம். அகஸ்டினின் தாய் மோனிக்கா, மகன் ஆப்பிரிக்காவை விட்டு ரோமுக்குக் கப்பல் ஏறிவிடக் கூடாது என்று ஒரு இரவு முழுக்க அழுது ஜெபித்தாள். அவனோ அவளை ஏமாற்றிவிட்டு அந்த இரவே கிளம்பிப் போனான். அந்த ஒரு ஜெபம் மறுக்கப்பட்டது. இத்தாலிக்குப் போன இடத்தில்தான் அவன் மிலானின் ஆயர் அம்புரோஸைச் சந்தித்தான். 387-ல் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்றான். மோனிக்கா அதைக் கண்ணால் பார்த்தாள், அதே ஆண்டில் இறந்தும்போனாள்.

பார்க்காமலே போகிறவர்களும் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் 1844-ல் 5 பேருடைய மனந்திரும்புதலுக்காகத் தினமும் ஜெபிக்கத் தொடங்கினார். முதல் ஆளுக்கு 18 மாதம் ஆனது. இரண்டாமவருக்கு அதற்கு மேலும் 5 ஆண்டு, மூன்றாமவருக்கு இன்னும் 6 ஆண்டு. 36 ஆண்டுகளுக்குப் பிறகு இதைச் சொன்னபோது மீதி 2 பேருக்காக அவர் இன்னும் ஜெபித்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்படியானால் எப்போதுதான் நிறுத்துவது? விடாமுயற்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிடுகிறார்கள். வேதத்தில் இதற்கும் இடம் இருக்கிறது. யோர்தானைக் கடந்து நல்ல தேசத்தைப் பார்க்க வேண்டும் என்று மோசே கெஞ்சினார். "போதும், இனி இந்தக் காரியத்தைக்குறித்து என்னோடே பேசவேண்டாம்" என்றார் கர்த்தர் (உபாகமம் 3:26). பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக 3 தரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தபின் நிறுத்திக்கொண்டார். தாவீது நோயுற்ற தன் பிள்ளைக்காக 7 நாள் தரையில் கிடந்தான். பிள்ளை இறந்ததும் எழுந்து, குளித்து, கர்த்தருடைய ஆலயத்தில் பணிந்துகொண்டு, சாப்பிட்டான்.

நமக்குப் பெரும்பாலும் அப்படி நேரடியாக ஒரு குரல் கேட்காது. சில அடையாளங்களை வைத்துப் பார்க்கலாம். காரியமே முடிந்துவிட்டது, அந்த நபர் வேறொருவரை மணந்துவிட்டார், அந்த இடம் நிரம்பிவிட்டது. அல்லது நீங்கள் கேட்பது இன்னொருவருக்குத் தீங்காக இருக்கிறது என்று இப்போது புரிகிறது. அல்லது உங்களோடு ஜெபிக்கிறவரும் முதிர்ந்த விசுவாசி ஒருவரும் தனித்தனியே ஒரே விதமாக நிறுத்தச் சொல்கிறார்கள். அப்போது நோட்டில் "இதை உம் கையில் விட்டேன்" என்று தேதி போட்டு எழுதி, அடுத்த பக்கத்துக்குப் போகலாம். துக்கம் இருந்தால் துக்கப்படுங்கள், தாவீதும் அழுதான். களைப்பாக இருக்கிறது, சலிப்பாக இருக்கிறது என்பவை மட்டும் நிறுத்தக் காரணங்கள் ஆகாது. அப்படிப்பட்ட நாளில் 10 நிமிடத்தை 2 நிமிடமாக்கிக்கொள்ளுங்கள்.

அன்னாளைக் கவனியுங்கள். பிள்ளையில்லாமல் வருஷாவருஷம் சீலோவிலிருந்த ஆலயத்துக்குப் போய் அழுதவள். உதடு மட்டும் அசைய ஜெபித்ததைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று ஆசாரியரான ஏலியே நினைத்துவிட்டார். விளக்கம் சொன்னபின் அவர் ஆசீர்வதித்து அனுப்பினார். அவள் போய்ச் சாப்பிட்டாள், முகவாட்டம் போயிற்று என்கிறது 1 சாமுவேல் 1:18. பிள்ளை இன்னும் உருவாகவே இல்லை! அப்படி ஒரு இலகு, பதிலுக்கு முன்பே, ஏதோ ஒரு காலையில் உங்களுக்கும் வரலாம். வந்தால் அதையும் நோட்டில் எழுதுங்கள். வராவிட்டால் உங்கள் ஜெபத்தில் குறை என்று நினைக்க வேண்டாம்.

பதில் வந்த நாளில்

தேதியைக் குறித்துவைத்துவிட்டு, வழக்கமான அந்த 10 நிமிடத்தை முழுக்க நன்றிக்குக் கொடுங்கள். சுகமான 10 குஷ்டரோகிகளில் ஒருவன்தான் திரும்பி வந்தான் (லூக்கா 17). உங்களோடு ஜெபித்தவருக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள். எத்தனையோ பேர் ஜெபிக்கச் சொல்லிவிட்டு, முடிவைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். சபையில் சாட்சி சொன்னால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எத்தனை நாள் சோர்ந்துபோனீர்கள், எங்கே வாசகம் மாறியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "நீங்களும் இப்படி ஜெபித்தால் உங்களுக்கும் கட்டாயம் நடக்கும்" என்ற வரியை மட்டும் விட்டுவிடுங்கள். பின்வரிசையில் அதே காரியத்துக்காக உங்களைவிட நீண்டகாலம் ஜெபித்துக்கொண்டிருக்கிற யாராவது உட்கார்ந்திருப்பார்.